மெனுல இருக்கற பேரு கஸ்டமர் வாயில வராது

போன மாசம் யூசர் மேனுவல் எழுதறதைப் பத்தி ரெண்டு வரி எழுதப்போக, வந்த மெயில்ல பாதிக்கு மேல இன்டெக்ஸைப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, அதான் புத்தகத்துக்குப் பின்னாடி சொல்லுக்கு நேரா பக்க நம்பர் போட்டு அகரவரிசையில வருமே, அது. அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே. பேரு போட வேணாம்னு சிலபேரு கேட்டிருந்தீங்க, யாரு பேரையும் போடல, ஊரு மட்டும் இருக்கு.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் பங்சார் சவுத்துல ஒரு சின்ன பேரோல் (சம்பளக் கணக்கு) சாஃப்ட்வேர் கம்பெனில டாக்குமெண்டேஷன் பாக்கறேன், அந்த டிபார்ட்மெண்டே நான் ஒருத்திதான். எங்க யூசர் மேனுவல் இங்கிலிஷ்ல 280 பக்கம். பின்னாடி இன்டெக்ஸ் 9 பக்கம் இருக்கு, எனக்கு முன்னாடி இருந்தவங்க வேர்டுல 'மார்க் ஆல்' குடுத்து செஞ்சது. ஆனா கஸ்டமர் யாரும் அதைத் திறக்கறதே இல்ல, எடுத்ததுக்கெல்லாம் சப்போர்ட்டுக்குத்தான் போன் அடிக்கறாங்க. யாரும் பாக்காத இன்டெக்ஸ் எதுக்கு, தூக்கிடுங்கன்னு பாஸ் சொல்றாரு. தூக்கலாமா, சரி பண்ணலாமா? பண்ணணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? (வாசகி, செந்தூல்)

பதில்: தூக்காதீங்க தங்கச்சி, ஆனா இப்ப இருக்கறதை அப்படியே வெச்சுக்கவும் வேணாம். நீங்க மெயிலோட அனுப்புன ரெண்டு பக்கத்தைப் பாத்தேன். "எம்ப்ளாயி"ன்னு ஒரு தலைப்பு, அதுக்கு நேரா வெறும் பக்க நம்பர் மட்டும் அஞ்சு வரிக்கு ஓடுது. பேரோல் மேனுவல்ல எம்ப்ளாயி வராத பக்கம் ஏதுலா? அதைப் பாக்கறவரு மூணு பக்கம் புரட்டுவாரு, நாலாவது பக்கத்துக்குப் போறதுக்குள்ள போனை எடுத்துடுவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

இதெல்லாம் 'மார்க் ஆல்' பண்ற வேலை. நீங்க குடுத்த சொல் ஒவ்வொரு பாராவுலயும் முதல்ல எங்க வருதோ அங்க ஒரு குறியைப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும், அந்தப் பாரா அந்த விஷயத்தைத்தான் விளக்குதா, இல்ல போற போக்குல சொல் மட்டும் வந்துச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதோட பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அப்படியே பொருந்துனாத்தான் எடுக்கும், அதனாலதான் உங்க இன்டெக்ஸ்ல "பேஸ்லிப்" பெரிய எழுத்துல ஒரு வரி, சின்ன எழுத்துல ஒரு வரி, பன்மையில இன்னொரு வரின்னு தனித்தனியா நிக்குது, மூணுலயும் வேற வேற பக்கம். ஐஎஸ்ஓ 999ன்னு இன்டெக்ஸுக்குன்னே ஒரு தரநிலை இருக்கு, 1996-ல வந்தது, அதுலயே இதைச் சொல்லியிருக்காங்க: ஒரு விஷயத்தைப் பத்தின தகவல் எங்க இருக்கு, அதோட பேரு சும்மா எங்க வந்து போகுதுங்கறதைப் பிரிச்சுப் பாக்கறதுதான் இன்டெக்ஸோட வேலைன்னு. அந்தப் பிரிக்கற வேலையை மனுசன்தான் படிச்சுப் பாத்து செய்யணும்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கல்ல, மேனுவலை மூடி வெச்சுட்டு சப்போர்ட்டுல உக்காந்திருக்கறவங்ககிட்டப் போங்க. உங்க மாதிரி கம்பெனில போன் எப்ப அலறும்னு காலண்டரைப் பாத்தாலே தெரியும். நம்ம மலேசியாவோட எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட் 1955 படி சம்பளக் காலம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் போட்டாகணும், ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பிசிபி (மாச வருமானவரிப் பிடித்தம்) எல்லாம் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும். ஸோ மாசக் கடைசியில இருந்து 7-ஆம் தேதி வரைக்கும் ஒரு அலை, 15-க்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இன்னொரு அலை. அந்த நாள்ல சப்போர்ட் மேசைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து, போன்ல வர்ற சொல்லை வந்தபடியே எழுதிக்குங்க, திருத்தாதீங்க. "சம்பளம் தப்பாப் போட்டுட்டேன், திருப்பி எடுக்கணும்"னு ஒரு கிளார்க்கு கேப்பாங்க. உங்க மெனுல அது "ரோல்பேக் பேரோல் பிராசஸ்"னு இருக்கும். அவங்க சாகற வரைக்கும் இன்டெக்ஸ்ல "ரோல்பேக்"னு தேடப் போறதில்ல. "சம்பளம் - தப்பாப் போட்டதைத் திருத்தறது", "அன்டூ", "கேன்சல்", "ரிவர்ஸ்" இப்படித்தான் தேடுவாங்க, அப்ப இது எல்லாமே உள்ள இருக்கணும், எல்லாமே அதே பக்கத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். புரோகிராமர் வெச்ச பேரு உங்க ஆஃபீஸுக்குள்ள செல்லும், வாசல் தாண்டுனா செல்லாது.

வேற கம்பெனி சாஃப்ட்வேர்ல இருந்து உங்ககிட்ட மாறி வந்த கஸ்டமரு இருப்பாங்க, அவங்க பழைய சாஃப்ட்வேர்ல பழகுன சொல்லைத்தான் தேடுவாங்க. அந்தச் சொல்லையும் சேத்துக்குங்க, பாஸுக்கு மூக்கு வேர்த்தாலும் பரவால்ல.

நம்ம நாட்டுல இன்னொரு கூத்து, ஒவ்வொண்ணுக்கும் மலாய்ல ஒரு பேரு இங்கிலிஷ்ல ஒரு பேரு. ஈபிஎஃப்னு தேடற ஆளும் உண்டு, கேடபிள்யூஎஸ்பின்னு தேடற ஆளும் உண்டு. சொக்சோ - பெர்கேசோ, ஈஐஎஸ் (வேலைக் காப்புறுதி) - எஸ்ஐபி, எம்டிடி - பிசிபி, லீவு - சூத்தி, எல்லாம் அதே கதைதான். உங்க இன்டெக்ஸ்ல இங்கிலிஷ் பேரு மட்டும்தான் இருக்கு, அதுல பிசிபி மட்டும் எப்படியோ மலாய்ல வந்திருக்கு. ரெண்டு பேருலயும் போடுங்க. ஒரே ஒரு பக்கம், ரெண்டு பக்கம்தான்னா ரெண்டு இடத்துலயும் பக்க நம்பரையே குடுத்துடுங்க, "அங்க போய்ப் பாரு"ன்னு அலைய விடாதீங்க. ஈபிஎஃப் மாதிரி கீழ பத்து உள்தலைப்பு இருக்கற விஷயம்னா ஒரு இடத்துல முழுசா வெச்சுட்டு இன்னொரு இடத்துல "கேடபிள்யூஎஸ்பி: ஈபிஎஃப் பார்க்க"ன்னு போட்டா போதும். போட்டுட்டு, அங்க போனா நெசமாவே ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. "அலவன்ஸ்: படி பார்க்க", அங்க போனா "படி: அலவன்ஸ் பார்க்க"ன்னு வட்டம் போடற இன்டெக்ஸை நான் என் கண்ணாலயே பாத்திருக்கேன்.

உங்களுக்கு இது ஆகாது, ஆனா அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல இருக்கறவங்க பழைய பேரையும் விடக்கூடாது. ஜிஎஸ்டி வரி 2015 ஏப்ரல்ல வந்துச்சு, 2018 ஜூன்ல ஜீரோ ஆச்சு, செப்டம்பர்ல எஸ்எஸ்டிங்கற விற்பனை, சேவை வரி திரும்பி வந்துச்சு. இன்னிக்கும் கடைக்காரங்க வாயில ஜிஎஸ்டின்னுதான் வரும். பழைய இன்வாய்ஸை எடுத்துப் பாக்கறவங்களுக்கு நெசமாவே ஜிஎஸ்டி பக்கமும் வேணும்.

இப்ப நீளமா ஓடற நம்பரை என்ன பண்றதுன்னு பாப்போம். ஒரு தலைப்புக்கு அஞ்சாறு நம்பருக்கு மேல போச்சுன்னா உள்தலைப்பு போட்டு உடைச்சுடணும்கறது இந்த வேலையில இருக்கறவங்க பொதுவா வெச்சிருக்கற அளவு. உங்க "ஓவர்டைம்"ல பதினாலு நம்பர் இருக்கு. கேக்கறவங்க எப்படிக் கேப்பாங்கன்னு யோசிங்க: சாதாரண நாள் ஓவர்டைமுக்கு 1.5 மடங்கு, ரெஸ்ட் டே ஓவர்டைமுக்கு 2, பப்ளிக் ஹாலிடே ஓவர்டைமுக்கு 3. அப்ப நாள் வாரியா மூணு உள்தலைப்பு. அப்புறம் ரேட்டை எங்க மாத்தறது, பேஸ்லிப்ல எப்படிக் காட்டறது, பஞ்ச் கார்டு டேட்டாவை எப்படி உள்ள எடுக்கறது. பதினாலுல ஏழெட்டு நம்பர் அங்கயே செத்துடும், ஏன்னா அதெல்லாம் சும்மா பேரு வந்து போன பக்கம். உள்தலைப்பை "எப்படி", "உபயோகிப்பது" அப்படின்னெல்லாம் ஆரம்பிக்காதீங்க, கண்ணு முதல் சொல்லைத்தான் தேடும், முக்கியமான சொல் முன்னாடி நிக்கட்டும்.

எர்ரர் மெசேஜை மறந்தே போயிட்டீங்க, ஒண்ணுகூட இன்டெக்ஸ்ல இல்ல. மனுசன் மேனுவலைக் கையில எடுக்கறதே ஸ்கிரீன்ல ஏதாவது செவப்பா வந்தப்பத்தான். மெசேஜ்ல முதல் மூணு நாலு சொல் எப்படி வருதோ அப்படியே ஒரு தடவை, நம்பர் இருந்தா நம்பர்ல ஒரு தடவை, அதோட பிரச்சினையோட பேருல ஒரு தடவை. "பேங்க் ஃபைல் ரிஜெக்ட் ஆகுது"ன்னு வர்ற ஆளுக்கு உங்க எர்ரர் கோடு ஞாபகம் இருக்காது.

இவ்வளவும் சேத்தா 9 பக்கம் பத்தாதேன்னு தோணும். பத்தாதுதான். சாஃப்ட்வேர் மேனுவலுக்கு நூறு பக்கத்துக்கு அஞ்சு பக்கம்னு வெச்சா ஓரளவுக்குச் சரியா வரும், உங்க 280-க்கு பதினாலு பக்கம். பேப்பர் காசுன்னு பாஸ் சொன்னா, சப்போர்ட் போன் பில்லை எடுத்துக் காட்டுங்க.

முடிச்சதும் நீங்களே பாத்து நல்லாருக்குன்னு சொல்லிக்காதீங்க. ரிசப்ஷன்ல இருக்கற பிள்ளையையோ, கணக்குத் தெரிஞ்ச ஆனா உங்க சாஃப்ட்வேர் தெரியாத ஒருத்தரையோ கூப்பிட்டு, சப்போர்ட் லாக்ல (வந்த கேள்வியெல்லாம் பதிஞ்சு வெக்கற பட்டியல்) இருந்து ஒரு இருவது கேள்வியைக் குடுத்து, இன்டெக்ஸை மட்டும் வெச்சு பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அவங்க முதல்ல எந்தச் சொல்லுக்குப் போறாங்கன்னு பாருங்க. அங்க ஒண்ணும் இல்லன்னா அந்தச் சொல்லை உடனே எழுதிக்குங்க. வாயைத் திறந்து உதவி மட்டும் பண்ணிடாதீங்க, அதுதான் ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: இப்பல்லாம் பிடிஎஃப்தானே அக்கா, கன்ட்ரோல் எஃப் அடிச்சா வந்துடுது, இன்டெக்ஸ்லாம் பழைய காலம் இல்லையா? (வாசகர், செராஸ்)

பதில்: இங்கிலிஷ் மேனுவல்ல ஓவர்டைமுக்குச் சுருக்கமா 'ஓ', 'டி'ன்னு ரெண்டு இங்கிலிஷ் எழுத்தை அடிச்சுப் பாருங்க தம்பி. நாட், நோட், டோட்டல், கோட்டா எல்லாத்துக்குள்ளயும் அந்த ரெண்டு எழுத்து இருக்கு, எல்லாத்தையும் காட்டும். அது ஒரு பக்கம்னா, இல்லாத சொல்லைத் தேடுனா ஒண்ணுமே காட்டாது. மேனுவல்ல "வாய்ட்"னு இருக்கு, நீங்க "டிலீட்"னு அடிக்கறீங்க, ஜீரோ ரிசல்ட், சரி இந்த சாஃப்ட்வேர்ல அந்த வசதியே இல்லபோலன்னு விட்டுடுவீங்க. இன்டெக்ஸ்ல யாரோ ஒருத்தர் உங்களுக்கு முன்னாடியே யோசிச்சு "டிலீட்"ட அங்க வெச்சிருப்பாரு. ஆன்லைன் ஹெல்ப்னா இன்டெக்ஸ்ல சேக்கற அதே மாற்றுச் சொல்லை சர்ச்சுக்கும் குடுக்கலாம், ஒரே உழைப்பு ரெண்டு இடத்துல வேலை செய்யும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், வேர்டு போடற இன்டெக்ஸ்ல பக்க நம்பரைக் கிளிக் பண்ணுனா போகாது, பொருளடக்கம் மாதிரி லிங்க் வராது. பிடிஎஃப்ல படிக்கறவங்களுக்கு அது எரிச்சல்தான். லேடெக்ஸ்ங்கற ஆவணம் தயாரிக்கற சாஃப்ட்வேர்ல ஹைப்பர்ரெஃப்ங்கற துணைத் தொகுப்பைச் சேத்தா வரும், பக்கம் வடிவமைக்கற இன்டிசைன்லயும் பண்ணலாம்.

கேள்வி: வேர்டுல இன்டெக்ஸ் போட்டேன், கடைசி அத்தியாயத்துக்குப் போகப்போக பக்க நம்பர் ஒண்ணு ரெண்டு கூடுதலா காட்டுது. இது வேர்டுல இருக்கற பக்-ஆ (கோளாறா)? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: பக் இல்ல. நீங்க ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் அடிச்சுக் குறி வெக்கும்போது வேர்டு தானாவே மறைஞ்சிருக்கற எழுத்தையெல்லாம் காட்ட ஆரம்பிச்சுடும். எக்ஸ்இன்னு சுருள் அடைப்புக்குள்ள வருமே, அதுதான். அதெல்லாம் ஸ்கிரீன்ல இடத்தைப் பிடிச்சுக்கும், வரி தள்ளும், பக்கம் தள்ளும், பின்னாடி போகப்போக தள்ளல் கூடிக்கிட்டே போகும். பத்தி அடையாளம் இருக்கற பட்டனை அமுக்கி மறைச்சுட்டு, அப்புறம் இன்டெக்ஸ் மேல கர்சரை வெச்சு எஃப்9 அடிங்க, சரியாயிடும். உள்தலைப்புக்கு நடுவுல முக்காற்புள்ளி வெக்கணும், ஓவர்டைம், முக்காற்புள்ளி, ரெஸ்ட் டே, அவ்வளவுதான். பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா செய்யற வேலை இந்த எஃப்9-ஆ இருக்கட்டும், அதுக்கப்புறம் யாராவது ஒரு படத்தைப் பெருசாக்குனா திரும்பவும் அடிக்கணும்.

கேள்வி: நான் பினாங்குல எங்க வட்டாரக் கோயில் நிர்வாகத்துல தொண்டூழியம் செய்யறேன். ரசீது போட ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம், அதுக்குத் தமிழ்லயே ஒரு கையேடு நானே எழுதிட்டேன், 60 பக்கம். இன்டெக்ஸ் போட்டா வரிசை தப்புத் தப்பா வருது, "படம்" முன்னாடியும் "பட்டியல்" பின்னாடியும் நிக்குது. என்ன செய்யறது அக்கா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தமிழ்லயே கையேடு எழுதியிருக்கீங்க, முதல்ல அதுக்கு ஒரு சபாஷ். உங்க சாஃப்ட்வேர் தமிழ் அகராதி வரிசையைப் பாக்காம, யூனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் குடுத்திருக்கற நம்பரை மட்டும் பாத்து அடுக்குது. யூனிகோட்ல புள்ளிக்குத் தனி நம்பர், அது மெய்யெழுத்து, கொம்பு, கால் எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கு. அகராதியில "ட்" வந்த அப்புறம்தான் "ட" வரும், நம்பர் வரிசையில அது தலைகீழ். அதனால அகராதியில பட்டியல், படம், படிவம்னு வரவேண்டியது, உங்களுக்கு படம், படிவம், பட்டியல்னு வருது.

அது மட்டுமில்ல. அகராதியில ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. யூனிகோட் நம்பர்ல ன போய் ந-வுக்குப் பக்கத்துல நிக்கும், ற போய் ர-வுக்குப் பக்கத்துல நிக்கும், ள-வுக்கு அப்புறம் ழ, அதுக்கும் அப்புறம்தான் வ. வரவு, வலைத்தளம், வவுச்சர், வழிபாடு, வளாகம், வன்பொருள் இந்த ஆறையும் உங்க சாஃப்ட்வேர்ல போட்டு வரிசைப்படுத்திப் பாருங்க. இதே வரிசையில வந்தா நல்ல சாஃப்ட்வேர். வன்பொருள் முதல்லயும் வவுச்சர் கடைசியிலயும் வந்தா அது நம்பரைப் பாத்து அடுக்குது. ஜ-வும் அப்படித்தான், ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவுல வந்து நிக்கும், நம்ம வழக்கத்துல கிரந்த எழுத்தெல்லாம் கடைசியில.

லிப்ரேஆபீஸ் ரைட்டர்ல அகரவரிசை இன்டெக்ஸ் போடற இடத்துலயே எந்த மொழி வரிசைன்னு கேக்கும், தமிழைக் குடுத்துப் பாருங்க, இலவசம்தான். யூனிகோட்காரங்களோட சிஎல்டிஆர்ங்கற மொழிவாரி விதித் தொகுப்புல தமிழுக்கு அகராதி வரிசை விதி இருக்கு, அதைப் பின்பத்தற சாஃப்ட்வேர்ல இந்தப் பிரச்சினை வராது. இல்லன்னா 60 பக்கத்துக்கு மூணு பக்கம் இன்டெக்ஸ்தான், கடைசியில கையாலயே நகத்தி வெச்சுடலாம், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

வரிசையை விட எனக்கு உறுத்துனது வேற. உங்க கையேட்டுல "சேவைப் பதிவு", "நன்கொடையாளர் விவரம்"னு அழகா எழுதியிருக்கீங்க. கவுண்டர்ல உக்காரப் போற அக்காங்க தைப்பூசத்து நேரத்துல வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்போது இன்டெக்ஸ்ல "சேவைப் பதிவு"ன்னு தேடுவாங்களா? "பால்குடம்"னு தேடுவாங்க, "அர்ச்சனை டிக்கெட்"னு தேடுவாங்க, "உபயம்", "உபயக்காரர் பேரு மாத்தணும்", "ரசீது திரும்ப அடிக்கணும்" இப்படித்தான் தேடுவாங்க. இதுல ஒண்ணுகூட உள்ள இல்லையே அண்ணே. அப்புறம் கடன்சொல்லை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதறோம், பிரிண்டர்னு ஒருத்தர் பிரின்டர்னு ஒருத்தர், ஸ்கேன்னு ஒருத்தர் இஸ்கேன்னு ஒருத்தர். கையேடு முழுக்க ஒரே எழுத்தைப் பிடிச்சுக்குங்க. பிரிண்டரும் பிரின்டரும் இன்டெக்ஸ்ல பக்கத்துப் பக்கத்துலதான் வரும், ஒண்ணு போதும், ஆனா இஸ்கேன் இ-யில ஸ்கேன் கடைசிப் பக்கத்துல, அதை ரெண்டு இடத்துலயும் போடணும்.

கேள்வி: இன்டெக்ஸ் போடறதுக்குன்னே தொழில் செய்யறவங்க இருக்காங்களாமே, நெசமா? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: நெசம். இங்கிலாந்துல அவங்களுக்குன்னு ஒரு சங்கமே இருக்கு, நம்ம மெர்டேக்கா (சுதந்திர) வருசமான 1957-லயே ஆரம்பிச்சது. அமெரிக்காவுல 1968. சின்டெக்ஸ், மேக்ரெக்ஸ், ஸ்கை இன்டெக்ஸ்னு தனி சாஃப்ட்வேரும் வெச்சிருக்காங்க. ஆனா அந்த மாதிரி தனியா செஞ்ச இன்டெக்ஸ்ல பக்கம் மாறுனா நம்பர் தானா மாறாது. புத்தகத்துக்கு ஓகே, வருசத்துக்கு ரெண்டு வெர்ஷன் வர்ற சாஃப்ட்வேர் மேனுவலுக்கு ஃபைலுக்குள்ளயே குறி வெக்கறதுதான் நல்லது.

கேள்வி: ஏஐகிட்ட மேனுவலைக் குடுத்தா அஞ்சு நிமிசத்துல இன்டெக்ஸ் வந்துடுமே, எதுக்கு இவ்வளவு பாடு? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: வரும், நானும் பாத்தேன். மேனுவல்ல இருக்கற பெயர்ச்சொல்லையெல்லாம் அழகா அடுக்கிக் குடுக்கும், பக்க நம்பரையும் ரொம்ப தைரியமா போடும், அந்தப் பக்கத்துக்குப் போனா விஷயம் இருக்காது. நான் அதை வேற வேலைக்கு வெச்சுக்குவேன்: "அட்வான்ஸ் சம்பளம்"கறதுக்கு ஒரு கிளார்க்கு வேற என்னென்ன சொல்லுவாங்கன்னு கேட்டா பத்துச் சொல் குடுக்கும், அதுல நாலு தேறும். நம்பரை மட்டும் நீங்களே ஃபைலுக்குள்ள குறி வெச்சு எடுங்க. அப்புறம் சப்போர்ட் லாக்கை அப்படியே தூக்கி அதுல ஒட்டிடாதீங்க, அதுல கஸ்டமரோட ஆளுங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், சம்பளம் எல்லாம் இருக்கும், தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கற பிடிபிஏ 2010 சட்டம் இருக்கு. அதையெல்லாம் அழிச்சுட்டு வெறும் கேள்வியை மட்டும் குடுங்க, இன்டெக்ஸுக்கு வேண்டியதும் அந்தக் கேள்விதான்.